ஏழாவது ஆல்பம்

சில்வியா,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்காக நீ சேர்த்து வைத்திருந்த புது ஆல்பங்கள் ஆறையும் கேட்டுவிட்டேன். "மிக்ஸி ஓடுற சத்தம்" என்று நான் கிண்டல் செய்த அதே பாட்டுகள்தான்.

நேற்று கிளிஞ்சல்மேட்டில் படகு எஞ்சினைப் பிரித்துக்கொண்டே இயர்போனில் கேட்டேன். ஒரு பெண் வெறும் கிதாரோடு நாட்டுப்பாட்டு மாதிரி பாடுகிறாள். மூன்றாவது பாட்டில் அவள் குரலுக்கு அடியிலிருந்து கம்ப்யூட்டர் தாளம் மெல்ல மெல்ல ஏறி வந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்பேனரை வைத்துவிட்டு, கூட வேலை செய்யும் சந்தனசாமியின் காதில் இயர்போன் ஒன்றை மாட்டினேன்.

"மச்சான், இது பாட்டா, எஞ்சினா?" என்றான்.

"ரெண்டும்தான்டா. பேசாம கேளு."

அப்புறம் நானே தேடி ஏழாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். போன வாரம்தான் வந்திருக்கிறது, நீகூடக் கேட்டிருக்க மாட்டாய். பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மீதியை உன்னோடு கேட்கத்தான் ஆசை.

சனிக்கிழமை புது ஸ்பீக்கரோடு பட்டினச்சேரிக்கு, உன் அம்மா வீட்டுக்கு வருகிறேன். பழையது கைதவறி விழுந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். விழவில்லை, அன்றைக்குச் சண்டையில் நான்தான் தூக்கி அடித்தேன். வந்ததும் முதலில் அதை அவர்களிடம் சொல்கிறேன். அதற்குப் பிறகு பாட்டைப் போடலாமா, வேண்டாமா என்று நீ சொல்.

உன் வீட்டுக்காரன்