வெறும் தண்ணீரில் எழும்பிய கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

சோப்பு ஃபேக்டரியை மூடிய கதை உனக்குத் தெரியும். ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் சுத்தம் செய்து வெளியே விடும் தண்ணீரில் என்னென்ன ரசாயனம் மிச்சமிருக்கிறது என்று மெஷினில் ஓட்டிப் பார்ப்பதுதானே என் வேலை, ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு கூராக எழும்பும். ஒரு வாசனைப் பொருளின் கோடு மாதக்கணக்கில் எழும்பிக்கொண்டே இருந்தது. வாசனை என்றால் சோப்பு, சோப்பு என்றால் அந்த ஃபேக்டரி. என் ரிப்போர்ட்டை வைத்துத்தான் பூட்டுப் போட்டார்கள். நூற்றுப் பத்துப் பேருக்கு வேலை போனது, அதில் உன் மாமாவும் ஒருவன். என் கூடப் பிறந்தவன் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்த வேலையை என் கையெழுத்தே தின்றுவிட்டது. ஆட்கள் திரண்டு வந்து நம் வாசலில் கத்தியபோதும் அவன்தான் குறுக்கே நின்று, எங்கக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும், அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க என்று சொன்னான்.

ஃபேக்டரி மூடி ஐந்து வாரம் ஆன பிறகும் அந்தக் கோடு அப்படியே நின்றது பாப்பா. கழிவே கலக்காத வெறும் சுத்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஓட்டினேன், அதிலும் அதே கோடு. ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், அதுதான் முறை. வேலை குவிந்து கிடக்கிறதே என்று நான் வெறும் தண்ணீருக்கு என்றோ வந்த பழைய முடிவையே பார்த்து எழுதி வந்திருக்கிறேன். அப்போதுதான் என் கையை முகர்ந்தேன். கை வெடிக்கிறது என்றேனே என்று நீ ஆசையாக அனுப்பிய வாசனை க்ரீம். அதைப் பூசிய கையோடுதான் இத்தனை நாளும் பாட்டில் கழுவி மூடி போட்டிருக்கிறேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. கையுறை போடாதது நான், சோம்பல்பட்டது நான்.

மேலதிகாரியிடம், அதுதான் தும்மல் அங்கிள் என்று நீ பேர் வைத்தாயே அவரிடம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு தும்மல்கூட இல்லாமல் படித்து முடித்தார். முதலாளி மெஷின்களைக் கழற்றி விற்றாயிற்று, இனிமேல் திறக்க அங்கே என்ன இருக்கிறது என்றார். என்னையும் சஸ்பெண்ட் செய்வார்கள், செய்யட்டும். மாமா இப்போது லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான், முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. அப்படியிருந்தும், ஏன்க்கா முகம் வாடிக் கிடக்கு, நீ உன் கடமையைத்தானே செஞ்ச என்று எனக்கு ஆறுதல் சொல்கிறான். அதைக் கேட்கும்போது பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிறு வழக்கம்போல் சாப்பிட வருவான், அவன் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவியதும் சொல்லிவிடுவேன். க்ரீம் யார் அனுப்பியது என்று மட்டும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இருவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இனி எனக்கு எதுவும் வாங்கி அனுப்பாதே. ஞாயிறு தவறாமல் உன்னைக் கூப்பிடுகிற மாமா இந்த ஞாயிறு ஏன் கூப்பிடவில்லை என்று, இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ யோசித்துக்கொண்டிருப்பாய். அவனைக் கூப்பிட்டுக் கேட்காதே.

உன் அம்மா