உன் பெயரில் துடித்த நாடி

நண்பா,

உன் கைப்பட்டை என் அறை மேசையில் கிடக்கிறது. உன்னோடு வேலை பார்த்த அந்தோணி காலையில் வைத்துவிட்டுப் போனான். கம்பெனி திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லையாம். வாரில் இன்னும் சாம்பல் வாடை. அதைத் தொடாமலே எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் சிரிப்பாய். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

வடலூர் சாலையில் அனல்மின் நிலையச் சாம்பலில் கல் செய்கிற அந்தக் கம்பெனி உங்கள் எல்லோர் கையிலும் இதைக் கட்டியபோது நான்தான் ஆசையாக வந்து விசாரித்தேன். உடல்நலச் சட்டம், கருவி, தொழிலாளி உரிமை என்று ஆராய்ச்சி செய்கிற வக்கீலுக்கு நல்ல தீனி. நாடியும் மூச்சும், கட்டியவன் எங்கிருந்தாலும், கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போகும்; சரியாக இருந்தால் பச்சை எரியும். சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. எல்லாம் உங்கள் நன்மைக்காம். டீக்கடையில் நீ இருமி முடித்து, அந்தோணியின் முழுக்கைச் சட்டையை ஏற்றிக் காட்டினாய். இரண்டு பட்டை. ஒன்று அவனுடையது, ஒன்று உன்னுடையது.

"அவனுக்கு இரும்பு நெஞ்சு. நாள் பூரா போட்டுக்கினு இருப்பான். கேட்டுல கம்ப்யூட்டரத்தான் பாக்குறானுங்க, கையை எவன் பாக்குறான்?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "புக்குல எழுதிடாத. அத்தினி பேருக்கும் வேலை பூடும்." எழுத மாட்டேன் என்றேன்.

கல் அடுக்குகிற இடத்திலேயே நீ சாய்ந்தாய். நஷ்டஈடு கேட்டு உன் மனைவி என்னிடம் வந்தாள். கம்பெனி தன் பதிவைக் காட்டியது. அன்று முழுக்க உன் உடம்பு நன்றாக இருந்ததாம், தூசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லையாம். அந்தப் பதிவை நேரம் நேரமாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் உன் முகத்தை மூடிய பிறகும் உன் நாடி துடித்திருக்கிறது, ஷிப்ட் முடிகிற வரை.

பதிவே பொய் என்று காட்டி வழக்கு ஜெயிக்க அது போதும். ஆனால் துடித்தது யாருடைய நாடி என்று கேட்பார்களே. சொன்னால் அந்தோணிக்கு வேலை போகும், மோசடி என்று அவன் மேலேயே கேஸ் பாயலாம். சொல்லாவிட்டால் உன் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. நான் புரட்டிய சட்டம் எதிலும் இரண்டு பேரையும் காப்பாற்ற வழி கிடைக்கவில்லை.

"எம்பேரப் போட்டுக்குங்க சார்," என்றான் அந்தோணி, காலையில் பட்டையை வைத்தபோது. "அவன் செத்தது தெரியாம அதைக் கட்டிக்கினு வேல பாத்துக்கினு இருந்தேன். சோறு எறங்கலிங்க." வாசல்வரை போய்த் திரும்பி, "எனக்கு என்ன ஆவும் சார்?" என்று கேட்டான். தெரியவில்லை என்று சொல்லத்தான் இத்தனை படித்திருக்கிறேன்.

மனுவில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டேன். உனக்குச் சொன்ன வார்த்தையை மீறினேன், திட்டிக்கொள். சாட்சிப் பொருளாக உறையில் போட வேண்டுமே என்று இப்போதுதான் பட்டையை எடுத்தேன்; என்னவோ தோன்றி என் கையில் கட்டிக்கொண்டேன். மணிக்கட்டில் பட்டதும் விளக்கு எரிந்தது. சிவப்பு. என் நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகம் அப்படி. கம்பெனி கம்ப்யூட்டரில் உன் பெயருக்கு நேரே இந்நேரம் அது விழுந்திருக்கும், நீ இருந்தவரை காட்டப் பயந்த சிவப்பு.

கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறேன்.