எஞ்சின் சாயும் பக்கம்

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நீங்கள் இல்லை என்பதற்காக எதையும் அழகுபடுத்த மாட்டேன்.

இன்று மாலை சாரம் பகுதிக் கடைத்தெருவில் நம் கார் என்னைக் கடந்து போனது. நீங்கள் போனபின் அதை விற்றுவிட்டோம்; வாங்கியவர்தான் ஓட்டினார். பின்னால் சைலன்சர் குழாய் லேசாக ஆடிக்கொண்டே போயிற்று, எதிலும் இடிக்கவில்லை. வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரான்சுக்குத் திரும்பிப் போன ஒருவரிடம் நீங்கள் வாங்கிய கார் அது. பழைய குழாயைக் கடல் காற்று அரித்துவிட்டது. அதே மாதிரி இங்கே கிடைக்காது என்று பட்டறையில் புதிதாக ஒன்று செய்து மாட்டினீர்கள். எஞ்சினை ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டது. வெல்டிங் வைத்து, இன்னொரு கிளாம்ப் போட்டு, காரின் அடித்தட்டோடு இறுக்கினீர்கள். மறுபடி அதே இடத்தில் விரிசல். புகை உள்ளே வந்தது.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். பிரசவத்துக்கு நம் காரிலேயே அழைத்துப்போக வேண்டும் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள். ஒருநாள் ஏறிப் பார்த்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"இதுல வந்தா ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள மயக்கம் வந்துடும். நான் ரிக்‌ஷாவுலயே போறேன்."

 அன்று நீங்கள் சாப்பிடக்கூட வரவில்லை.

மறுநாள் காலை பானட்டைத் திறந்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தீர்கள். என்னைக் கவனிக்கச் சொன்னீர்கள். மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. குழாயோ அசையவே இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல். நான் சொன்னதும் இறங்கி வந்து பார்த்தீர்கள்.

"எஞ்சின் ரப்பர் மேல ஒக்காந்திருக்கு பாப்பா, ஆடத்தான் ஆடும். நாந்தான் கொழாய வண்டியோட கட்டிப் போட்டுட்டேன்."

எஞ்சினுக்கு அருகிலிருந்த கிளாம்புகளைக் கழற்றி, விரிசலை அடைத்து, பழைய டயர்ப் பட்டைகளில் குழாயைத் தொங்கவிட்டீர்கள். மிதித்தபோது குழாய் அடித்தட்டில் டொக்கென்று இடித்தது. எஞ்சின் சாய்ந்த நிலையிலும் குழாய்க்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும்வரை அதைத் தாழ்த்தினீர்கள். பிறகு சத்தமே இல்லை.

அம்மா அந்தக் காரில்தான் போனாள். வழியில் ஜன்னலைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. தம்பியோடு திரும்பி வந்ததும் அதே காரில்தான்.

எஞ்சின் ஏன் எப்போதும் அந்தப் பக்கமே சாய்கிறது என்று அன்று கேட்டேன். "அது எனக்கும் தெரியல, நீ படிச்சி சொல்லு" என்றீர்கள். படித்துவிட்டேன், அப்பா. உள்ளே எப்போதும் ஒரே பக்கமாகச் சுழலும் தண்டு வேகம் எடுக்கும்போது, வெளிக்கூட்டை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. இதைச் சொல்ல வேண்டியது உங்களிடம்தான்.

இந்தக் காகிதத்திலேயே படம் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.