சபைக் குமாஸ்தா வீட்டில் மூன்று வாசிப்பு

1833, பிப்ரவரி 11

காலையில் மைக்கூடு உறைந்து கிடந்தது. அப்பா அதை அடுப்போரம் வைத்துவிட்டு, அடைகாக்கும் கோழியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தார்.

சட்டசபைக் குமாஸ்தாவுக்கு மகளாகப் பிறந்தால் குளிர்காலம் முழுக்க விரல் நுனி கறுப்புத்தான். அப்பா பகலெல்லாம் சபையில் குறிப்பெடுப்பார். சாயங்காலம் சமையலறை மேசையில் அவர் வாசிக்க வாசிக்க நான் நகல் எழுதுவேன். இன்று ஒரு உறுப்பினர் இன்னொருவரைப் பன்றி என்று திட்டினாராம். "அதை எழுத வேண்டாமாப்பா?" என்று கேட்டேன். "சபை செஞ்சதைத்தான் எழுதணும் திர்சா. சொன்னதை இல்ல" என்றார். நல்ல பேச்செல்லாம் வீணாகப் போகிறதே என்றுதான் நான் இதில் எழுதுகிறேன்.

எபென் லோரிங் இன்றும் வந்தார். ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் குடியிருப்பைச் சேர்ந்த நில அளவையர். ஊருக்குப் பாலம் கேட்டுச் சபைக்கு மனுக் கொடுக்க வந்தவர். மனுவில் எந்த வார்த்தை எங்கே வர வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கத்தான் வருகிறாராம். ஐந்து முறை கேட்டாயிற்று. பக்வீட் மாவு அடையும் கரும்புப் பாகும் தட்டு தட்டாகக் காலியாகின்றன. என் தங்கை ரோடா, வயது பதினைந்து, வாய் ஐம்பது, அவர் முன்னாலேயே கேட்டாள்: "அக்கா, இந்தப் பாலம் ஆத்தைத் தாண்டிப் போகுதா, இல்ல நம்ம சமையலறைக்கு வருதா?"

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. அவருக்கும்.

பிப்ரவரி 13

இன்று வரவில்லை. நகலில் மூன்று பிழை.

பிப்ரவரி 19

கேட்டுவிட்டார்! உறைந்த ஆற்றின் மேல் நடந்து வரும்போது. என் கையுறை ஒன்று விழுந்தது; எடுத்துக் கொடுத்தவர் விடவில்லை. "எங்க ஊர்ல சாலை கிடையாது, கடை கிடையாது, உங்கம்மா சமையல் கிடையாது. வர்றியா?" என்றார். இப்படியா ஒருவர் பெண் கேட்பார்? கூரையாவது இருக்கிறதா என்றேன். "முக்கால்வாசி" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே வீடு வரை ஓடினேன்.

பிப்ரவரி 20

அப்பாவிடம் பேசினார். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "முதல் வாசிப்பு முடிந்தது" என்றார்.

எபென் முழித்தார். அவருக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதே. முன்பொரு முறை அப்பா அவசரப்பட்டு ஒரு நொண்டிக் குதிரையை வாங்கி வந்ததிலிருந்து, எந்தப் பெரிய விஷயமானாலும் சபை மசோதா மாதிரி வெவ்வேறு நாளில் மூன்று தரம் வாசித்தாக வேண்டும். அம்மா சபாநாயகர். அப்பா இங்கேயும் குமாஸ்தாதான். கறவைப் பசு அப்படித்தான் வந்தது. ரோடாவின் நாய் இரண்டாம் வாசிப்பில் தோற்றது.

"முதல் வாசிப்புல யாரும் பேசக்கூடாது, தம்பி" என்று அம்மா எபெனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, தட்டில் இன்னொரு அடையை வைத்தாள். அந்த அடையிலேயே அம்மாவின் முடிவு தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 27

இரண்டாம் வாசிப்பு. விவாதம் அனல் பறந்தது.

"கூரை ஒழுகுமா?" இது அம்மா.

"கொஞ்சம். மழை பெஞ்சா மட்டும்."

"கரடி வருமா?" இது ரோடா.

"வரும். ஆனா உள்ள வர்றதுக்கு முன்னாடி அனுமதி கேக்கும்."

ரோடா சிரித்த சிரிப்பில் பால் மூக்கில் ஏறிவிட்டது. அப்பாவைத் தவிர எல்லாரும் கை தூக்கினோம். நான் தூக்கலாமா என்று கேட்டதற்கு, "சம்பந்தப்பட்ட உறுப்பினரும் தூக்கலாம்" என்றாள் அம்மா. நிறைவேறியது. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. "இனி குழு விசாரணை" என்றார்.

மார்ச் 6

குழு விசாரணை. மருத்துவர் எவ்வளவு தூரம்? கோயில் எவ்வளவு தூரம்? கிணற்றில் கோடையில் தண்ணீர் இருக்குமா? எபென் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒத்திவைப்பு.

மார்ச் 12

மறுபடியும் குழு. விறகு எந்த மரம் என்று கேட்டார் அப்பா. விறகு! ஒத்திவைப்பு.

மார்ச் 14

எதுக்கு இப்படி இழுக்கிறார்? எபெனைப் பிடிக்கலையா? பிடிக்காமலா தன் புகையிலையை எடுத்து நீட்டுறார்? எபென் கிளம்பணும். பனி இருக்கும்போதே ஆத்து மேல வண்டி ஓட்டிப் போனால்தான் உண்டு. பனி உடைஞ்சா வெள்ளம் வடிந்து படகு வரும் வரை வழியே கிடையாது. அப்புறம் அவர் கோடை முழுக்கக் காட்டில் அளவை வேலைக்குப் போய்விடுவார். அடுத்த குளிர்காலம் வரைக்கும் நான் விரலைச் சூப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?

அம்மாவிடம் போய் அழுதேன். "உங்கப்பாவுக்கு அவனைப் பிடிச்சிருக்குடி. அதான் தொல்லையே. பிடிக்கலைன்னா ஒரே வார்த்தைல முடிச்சிருப்பார்" என்றாள்.

மார்ச் 19

போச்சு. எல்லாம் போச்சு.

கவர்னருக்கும் சபைக்கும் வரிப் பிரச்சினையில் முட்டிக்கொண்டது. மத்தியானம் அவர் சிவப்பு முகத்தோடு வந்து கூட்டத்தொடரை முடித்துவைத்துவிட்டுப் போய்விட்டார். நிறைவேறாத மசோதாக்கள் அத்தனையும் செத்தன. அடுத்த குளிர்காலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எபெனின் பாலமும் அதில் ஒன்று.

அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல், "வீட்டில் நிலுவையில் இருந்ததும் அப்படியே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

எபென் அப்பாவை மறித்தார். "ஒரே மத்தியானத்துல பாலமும் போச்சு, பொண்ணும் போச்சா ஐயா?"

நான் கதவை அறைந்து சாத்தினேன். பிறகு திறந்து இன்னொரு தரம் சாத்தினேன்.

மார்ச் 20

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும். சொன்னது, செய்தது இரண்டையும்.

காலை உணவுக்கு அம்மா எபெனையும் கூப்பிட்டிருந்தாள். எல்லாரும் உட்கார்ந்ததும் கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

"ஏங்க, சபைல எல்லாரும் ஒருமனதா ஒத்துக்கிட்டா மூணு வாசிப்பையும் ஒரே நாள்ல முடிக்கலாம்னு ஒரு விதி இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றார் அப்பா. விதியைப் பற்றிக் கேட்டால் அவரால் பொய் சொல்ல முடியாது. "ஆனா கூட்டத்தொடர்தான் முடிஞ்சுபோச்சே..."

"அது கவர்னரோட சபை. என் சமையலறையைக் கலைக்க அந்த ஆளு இன்னும் பொறக்கல. புதுத் தொடரை இப்ப ஆரம்பிச்சாச்சு. உட்காருங்க."

"எனக்கு ஒரு ஆட்சேபணை—"

"குமாஸ்தாவுக்கு ஓட்டு கிடையாது."

சபையில் வருஷக்கணக்காக அப்பாவை இந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் அடக்கியிருப்பார்கள். ரோடாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வரும்போது, அந்த ரோடாதான் "மாட்டேன்" என்றாள். ஒருவர் மறுத்தாலும் எல்லாம் கெட்டது.

"அக்கா போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?" என்று சொல்லும்போதே அவளுக்கு உதடு நடுங்கியது.

"கோடைக்கு எங்க வீட்டுக்கு வா" என்றார் எபென். "உங்கக்காவோட சண்டை போட்டு அலுத்துப்போச்சுன்னா, நான் இருக்கேன்."

"குதிரை ஓட்டக் கத்துக்குடுப்பீங்களா? ஆம்பளைங்க மாதிரி?"

"கத்துத் தர்றேன்."

"அப்ப சரி" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுந்து நின்று வாசித்தார். "திர்சா வெதர்பிக்கும் எபென் லோரிங்குக்கும் திருமணம் செய்விப்பதற்கான மசோதா." சபையில் வாசிக்கும் அதே கணீர்க் குரல். முதல் வாசிப்பு. அதே குரலில் இரண்டாவது.

மூன்றாவதில் என் பெயரோடு நின்றுவிட்டது. தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. அடுப்பில் அடை தீய்ந்துகொண்டிருந்தது, அதையும் யாரும் எடுக்கவில்லை. பிறகு அவர் முதலிலிருந்து தொடங்கி, மெல்ல, முழுக்க வாசித்து முடித்து, "நிறைவேறியது" என்றார்.

விறகு எந்த மரம் என்று ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு என்னை அனுப்ப மனசு வரவில்லை. அவ்வளவுதான். எழுந்துபோய்க் கட்டிக்கொண்டேன். அவர் கோட்டில் மை வாசனை, என்னிடத்திலும் அதே வாசனை. இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். தீய்ந்த அடையை எபென் ருசி என்று சொல்லித் தின்றார்.

மார்ச் 25

கல்யாணம் ஆயிற்று. லைசென்ஸ் வாங்கக் கவர்னர் அலுவலகத்துக்கு அப்பாவே நேரில் போய் வந்தார். ரோடா மேசை மேல் ஏறி ஆடினாள். என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. சந்தோஷம், சந்தோஷம், வேறென்ன எழுத?

மார்ச் 27

பனிச்சறுக்கு வண்டியில் இரண்டு நாள். ஓரங்களில் பனி இளகித் தண்ணீர் தெரிகிறது. வண்டியில் நான், எபென், அம்மா கொடுத்த பெட்டிகள், அப்புறம் அப்பா! கிளம்பும்போது பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். "கூரையைக் கண்ணால பார்த்துட்டு அடுத்த தபால் வண்டில திரும்பிடறேன்" என்றார். அம்மா வாசலில் நின்று சிரித்தபடி கையசைத்தாள். தடுக்கவே இல்லை.

கூரை முக்கால்வாசிகூட இல்லை. பாதி.

ஏப்ரல் 2

தபால் வண்டி ஆற்றின் மேல் போய்விட்டது. அப்பா அதில் போகவில்லை. பூட்ஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாராம். அது காலில்தான் இருந்தது.

ஏப்ரல் 5

விடிந்ததும் பீரங்கி வெடித்தாற்போல் சத்தம். வெளியே ஓடினோம். ஆற்றின் பனி உடைந்துவிட்டது. வீட்டளவு பெரிய பனிப்பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டு போகின்றன. இனி மே மாதம் படகு வரும் வரை யாரும் எங்கேயும் போக முடியாது.

"ஐயோ, அப்பா மாட்டிக்கிட்டாரே!" என்றேன்.

எபென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாட்டிக்கிட்டாரா? வருஷா வருஷம் ஆறு எப்ப உடையும்னு கணக்குப் பார்த்து, அதுக்கு முன்னாடி உறுப்பினருங்க ஊர் போய்ச் சேர நாள் குறிச்சுத் தர்றதே உங்கப்பாதானே? அவருக்கா தெரியாது?"

அப்பா கூரை மேல் ஏறி உட்கார்ந்து, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, இந்தப் பக்கமே திரும்பாமல் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் அவர் பையைத் திறந்து பார்த்தேன். நாலு நாள் பயணத்துக்கு வந்தவர் பையில் மெல்லிய கோடைச் சட்டைகள். ஒவ்வொன்றும் அம்மா தன் கையால் மடித்து வைத்தது.

மூன்று பேருக்கு அடை மாவு கரைத்தேன்.