விரிசல் விட்ட எஞ்சின்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பயணிகள் படகு நடு ஆற்றில் நின்றுவிட்டது. காற்றே கரைப் பக்கம் தள்ளிவிட்டதால் எல்லோரும் கால் நனையாமல் இறங்கினோம். பயப்படாதே.

மறுநாள் எஞ்சினைப் பிரித்தேன். அதன் இரும்பு உடலான பிளாக்கில் நீளமாக விரிசல் விட்டிருந்தது. முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி பண்ணி ஓட்டலாமா, புதுசே வாங்கிடலாமா? நீ சொல்றதுதான். ஆனா புதுசுன்னா கம்பெனி ஆளே வந்து பார்த்துக்குவான். உனக்கு இங்க வேலை இருக்காதுப்பா."

விரிசலை வெல்டிங்கில் பற்றவைத்து மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும். வயிறு அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால் படகு நின்றபோது ஒருத்தி கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் உள்ளே வரவேயில்லை, இருந்தும் கரை சேரும்வரை அவள் கையை இறக்கவில்லை.

"புதுசே வாங்கிடுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

தங்கச்சியிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. என் போர்வையை ஒருநாள் வெயிலில் போட்டு எடுத்து வை. என் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

தபால்காரர் வாசலில் அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன். இந்த அறை வேலையோடு சேர்ந்தது. அதனால் பதிலை இங்கே போடாதே, அம்மா.

உன் மகன்