கவிழ்த்து வைத்த எழுத்துகள்

அனுப்புநர்:
அச்சகத்தில் எழுத்து கோக்கும் கம்பாசிட்டரின் மனைவி; அதே அச்சகத்தில் தாள் மடிப்பவள்.

பெறுநர்:
மாவட்ட மாஜிஸ்திரேட் துரை அவர்கள்.

பொருள்: விசாரணையின்றி அடைக்கப்பட்டுள்ள என் கணவரை விடுவித்து, தப்பு செய்தவரைப் பிடிக்கக் கோருவது.

பெருமதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு,

1. புதிய பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் காரணம் சொல்லாமல் பிடிக்கலாம். பிடிபட்டவர் பெயரை அச்சிடுவதும் குற்றம். எங்கள் தெருவில் பதினாறு பேர் பிடிபட்டார்கள். அவர்கள் பெயர் வரவேண்டிய பத்தியை எங்கள் அச்சகத்தில் அச்சாகும் பத்திரிகை வெறுமையாக விட்டது. மக்கள் அந்த வெற்றிடத்தைக் கத்தரித்துக் கதவுகளில் ஒட்டினார்கள். கடைகளை அடைத்துவிட்டுத் தெருவில் பேசாமல் உட்கார்ந்தார்கள். ஒரு கல்கூடப் பறக்கவில்லை. போலீஸ் தடிகள்தான் பறந்தன.

2. மறுநாள் இதழிலும் வெற்றிடமே. ஆனால் அதில் சிறு கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. சங்கேத மொழி என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். "ஒண்ணுமே எழுதலைன்னா இதெல்லாம் என்ன, எறும்பா?" என்று கேட்டு என் கணவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனார். நாற்பது நாளாகப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்களாம். ஐயா, படிக்க அதில் ஒன்றுமே இல்லை.

3. வெற்றிடத்தை எழுத்தில்லாத குட்டை ஈயக் கட்டைகளால் நிரப்புவது வழக்கம். அவற்றில் மை படாது. அன்று பிடிபட்டவர்கள் பெருகி, பக்கத்துக்குப் பக்கம் வெற்றிடம் என்பதால் கட்டைகள் தீர்ந்துபோயின. அதற்காக உயரமான அச்செழுத்துகளையே கவிழ்த்து வைத்தால் அவற்றின் அடிப்பாகம் கறுப்பாக விழும். இருபது வருடம் எழுத்து கோத்தவர் தூக்கத்தில்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டார்.

4. செய்தவள் நான். அவர் இருமல் தாங்காமல் சுருண்டு படுத்திருந்தார். உதவுகிறேன் பேர்வழி என்று, எழுத்தின் முகம் வெளியே தெரியாதபடி கவிழ்த்துவிட்டால் போதும் என நினைத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கேட்டபோது நான் வாய் திறக்குமுன் "நான்தான் வெச்சேன்" என்று அவர் முந்திக்கொண்டார். பாவி நான், நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

5. நேற்றுச் சிறையிலிருந்து அவருடைய அழுக்குச் சட்டையைக் கொடுத்தார்கள். மார்புப் பக்கம் முழுக்க இருமித் துப்பிய இரத்தம். வக்கீல் வைக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை, மேல்முறையீடும் இல்லை. இன்னும் ஒரு வாரம் அவர் தாங்கமாட்டார், ஐயா.

6. ஆகவே அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகமிருந்தால் ஒரு பிடி எழுத்தும் கொஞ்சம் மையும் கொடுங்கள். தங்கள் மேசையிலேயே அதே கோடுகளைப் போட்டுக் காட்டுகிறேன். மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டேன். என்னைப் பிடிக்க ஆள் அனுப்பும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

நாள்: அவர் பிடிபட்ட நாற்பத்தோராம் நாள், காலை.
இடம்: தங்கள் அலுவலக வாசற்படி.

மாற்றுத் துணியோடு காத்திருக்கும்,
தாள் மடிப்பவள்
(கையொப்பம்)