பெரிய ஐயா உள்ளே வந்தபோது நானும் எழுந்து நின்றேன்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நீ போனை வைத்து இன்றோடு ஐந்து வாரமும் இரண்டு நாளும் ஆகிறது. குறை சொல்வதற்காக எண்ணவில்லை, பேச ஆளில்லாத வீட்டில் காலண்டர்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது. அம்மாவின் தையல் மெஷினுக்கு நேற்று எண்ணெய் விட்டேன், தைக்க யாருமில்லை என்றாலும் அது துருப்பிடிக்க மனசு கேட்கவில்லை. அன்றைக்கு நீ கடைசியாகக் கேட்டது, "என்னைய படிக்க வச்ச மனுஷனுக்கு இப்படித்தான் நன்றி காட்டுவீங்களாப்பா" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்று உனக்கே தெரியும், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறமாகப் படி.

நம் வீட்டு வயரிங் எல்லாம் பார்ப்பாரே எலக்ட்ரீஷியன், நீ எஞ்சினியரிங் சேர்ந்த பிறகும் உன்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அவர் புது ஸ்கூட்டர் வாங்கியபோது நம் கம்பெனி ஹெல்மெட்டைத்தான் வாங்கச் சொன்னேன். நானே அடிச்சுப் பார்த்து அனுப்புறது, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க என்றேன். ஒரு மழை நாளில் திருப்பத்தில் வண்டி சறுக்கிவிட்டது, ஒன்றும் பெரிய வேகமில்லை. ஆனாலும் தலையில் பலமான அடி. அவர் மனைவி ஒரு பையோடு வந்து நம் சாப்பாட்டு மேஜையில் ஹெல்மெட்டை இரண்டு துண்டாக எடுத்து வைத்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதாண்ணா வாங்கினோம், இது ஏன் இப்படி ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். துண்டைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இருபத்தாறு வருஷம் தொட்ட பொருள் இல்லையா. ஓட்டின் கனம் பாதிகூட இல்லை, உள்ளே இருந்த தெர்மாகோலை நகத்தால் அழுத்தினாலே குழி விழுந்தது.

போலியாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று கடையில் மூன்று ஹெல்மெட் வாங்கிச் சோதனை அறைக்குக் கொண்டுபோனேன். சின்ன வயசில் நீ வணக்கம் வைப்பாயே அந்த இரும்புத் தலை, நம் மொட்டை மாமா, அவருக்கு ஒவ்வொன்றாக மாட்டி மேலேயிருந்து விட்டேன். மூன்றும் பிளந்தன. ஸ்டோர் கீப்பரைப் பிடித்துக் கேட்டால் அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார், "உங்க ரூமுக்கு வர்றது தனியா செய்யுற செட்டு சார், ஆறு வருஷமா அப்படித்தான், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று. கடைக்குப் போன லட்சக்கணக்கான பெட்டியில் இருந்தது என் கையெழுத்து, நான் பார்த்த ஹெல்மெட் ஒன்றுகூட அதில் இல்லை.

யாரோ கீழே இருப்பவர்கள் செய்த வேலை, முதலாளி பெரிய ஐயாவுக்குத் தெரிந்தால் கொதித்துப் போவார் என்று நினைத்துத்தான் அவர் அறைக்கு ஓடினேன். அவ்வளவு வெகுளி உன் அப்பா. அவர் எனக்கு டீ வரவழைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரியும் என்றார். "போட்டி அப்படி இருக்கு, நானூறு குடும்பம் சாப்பிடணும்ல. உங்க கையெழுத்துக்கு வெளியில ஒரு மரியாதை இருக்கு, அதனாலதான் உங்க ரூம்ல நான் கை வைக்கவே இல்ல" என்றார். அப்புறம், பொண்ணு எப்படி இருக்கா என்று விசாரித்தார். இதே கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் எனக்கு உச்சி குளிர்ந்திருக்கிறது. அன்றைக்குத்தான் டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இனி சொல்வதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கப்புறம் பதினோரு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனேன், சரக்கு நல்லது என்று தெரிந்தே இரண்டு தடவை சோதனைச் சான்றில் கையெழுத்தும் போட்டேன். உன் படிப்பை நினைத்தேன், பணம் கட்டிய பெரிய ஐயா உன் கல்லூரி வாசலில் உன் தலையில் கை வைத்து நின்றதை நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் எலக்ட்ரீஷியனைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னால் தைரியமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ள ஒரு பிளக்கைக் கழற்ற உட்கார்ந்தார் மனுஷன். ஸ்க்ரூடிரைவர் மேஜை மேல் இருக்கிறது, அவர் கை அதற்குப் பக்கத்தில் வெறும் பலகையைத் துழாவுகிறது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். அவர் மனைவி அதை எடுத்து அவர் கையில் வைத்தார். அன்றைக்கே உட்கார்ந்து, தர முத்திரை கொடுக்கிற அரசாங்க ஆபீசுக்குப் புகார் எழுதினேன்.

விசாரணை போன வாரம் நடந்தது. பெரிய ஐயா உள்ளே வந்ததும் கம்பெனி ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்துவிட்டேன் சின்னு. என் கால் என்னைக் கேட்கவே இல்லை. அவர் வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உங்க மகளைப் படிக்க வச்சது யாரு என்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். இவர்தான் என்றேன். அப்புறம் எப்படி மனசு வந்தது என்றார். படிக்க வச்சதும் இவர்தான், அந்த ஹெல்மெட்டை விக்கச் சொன்னதும் இவர்தான், ரெண்டுக்கும் நான் சாட்சி என்றேன். அந்த இரண்டு கையெழுத்தையும் சொல்லிவிட்டேன், அதற்கு எனக்கு என்ன வருமோ வரட்டும். பெரிய ஐயா பதவி விலகிவிட்டார், வழக்கு நடக்கிறது, கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்கிறார்கள். ஃபாக்டரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று, எப்போது திறப்பார்கள் என்று தெரியாது.

அவர் மேல் யாருக்கும் கோபமில்லை, எல்லாம் என் மேல்தான். இருபது வருஷம் ஃபாக்டரியில் என்னோடு ஒன்றாகச் சாப்பிட்ட நெட்டையன் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறான். ஒரே ஒரு தடவை நின்று, "உனக்கு ரிட்டயர் ஆகுற வயசு, எனக்கு?" என்று கேட்டான். தெருவில் பார்த்துச் சிரிக்க இப்போது பழக்கடைக்காரர் ஒருவர்தான், அவரும் ஊருக்குப் புதுசு. இன்னொன்றும் ஆகிவிட்டது. முழங்காலைக் காட்டப் போன ஆஸ்பத்திரி லிஃப்டில் சோதித்தாயிற்று என்று ஒரு சான்றிதழ் ஒட்டியிருந்தது. கீழே யாரோ என்னைப் போல ஒருவரின் கையெழுத்து. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு இறங்கி நான்கு மாடியும் படியில் ஏறினேன். மாத்திரை அட்டையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதில் என்ன தெரியப்போகிறது.

அவர் உனக்குச் செய்ததை மறக்கச் சொல்லவில்லை. அவரை நீ மதித்தால் அதிலும் தப்பில்லை, நானே அன்று எழுந்து நின்றவன்தானே. என்னோடு பேசாமல் இருப்பதும் உன் இஷ்டம். நீ எங்கே இருந்தாலும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது, அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஒன்று மட்டும். அந்த மூன்றும் பிளந்த அன்றைக்கே மெசேஜில் சொன்னதுதான், நீ படித்ததாகக் காட்டியது, பதில் வரவில்லை. நீ கிளம்பும்போது சைக்கிளுக்கென்று நான் பெட்டியில் வைத்துக் கொடுத்த ஹெல்மெட்டும் அந்த ஆறு வருஷத்துச் சரக்குதான். தயவு செய்து அதைப் போடாதே. வேறு எதை வாங்குவது என்று கேட்டால் எனக்கு எந்தப் பேரும் சொல்லத் தெரியவில்லை கண்ணு. நல்லதாக ஒன்று கிடைக்கிற வரைக்கும் பஸ்ஸில் போ. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு, அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா